தலை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

மக்பால்: தலை ஒண்ணுதான் தம்பி. நீ எத்தனை தடவை வந்து அண்டாவுக்குள்ள எட்டிப் பார்த்தாலும் அது ரெண்டாகப் போறதில்ல.

மெய்ரம்பெக்: இன்னொரு ஆடு அறுத்திருக்கலாம்லக்கா...

மக்பால்: அறுத்து? ஒரே மேஜைதான் போடணும்னு வந்த நாள்லேர்ந்து மல்லுக்கட்டி முடிவு பண்ணது யாரு? உன் வெளியுறவுத் துறைதானே? ஒரு பந்திக்கு ஒரு தலை, அது பந்தியில பெரியவருக்கு. ரெண்டு வச்சா, பெரியவர் யாருன்னே தெரியாத வீடுன்னு சிரிக்கமாட்டாங்க?

மெய்ரம்பெக்: வந்திருக்கற ரெண்டு நாட்டுக்காரங்கள்ல பெரியவர் யாருன்னு தெரியலையே, அதானே கூத்து. தொப்பிக்காரர் வயசுல பெரியவர். கண்ணாடிக்காரர் பதவியில பெரியவர்.

மக்பால்: தொப்பிக்காரர்னா... அந்தத் தளபதியா? காலையில தொப்பியைக் கழட்டி வச்சுட்டு வெந்நீர் கேட்டு வந்தாருப்பா. யாரோ டிரைவராக்கும்னு, அடுப்புக்கு ரெண்டு வறட்டி எடுத்துப் போடுன்னுட்டேன்.

மெய்ரம்பெக்: ஐயையோ! போட்டாரா?

மக்பால்: நல்லாத்தான் போட்டாரு. தொப்பி இல்லைன்னா நல்ல மனுஷன்.

மெய்ரம்பெக்: இதை வெளிய சொல்லிறாதீங்க. 'விருந்தாளி நாட்டு ராணுவத்தை அவமதித்தது'ன்னு அதுக்கு ஒரு கூட்டம் போட்டு, அதுக்கு ஒரு மேஜை போட்டு...

மக்பால்: அதுக்கும் நான்தானே ஆட்டுத்தலைக்கு அலையணும். எங்க அம்மா சொல்லுவாங்க, இந்தப் பொட்டல்ல குண்டு வெடிச்சிட்டிருந்த காலத்துல ஒரு குட்டி ரெண்டு தலையோட பொறந்துச்சாம். பொழைக்கல. இன்னைக்கு இருந்திருந்தா அதுக்கு உங்க ஆளுங்க கொடி கட்டின கார் அனுப்பியிருப்பீங்க.

மெய்ரம்பெக்: மெதுவாக்கா. இது கம்பளிக் கூடாரம், சுவர் கிடையாது. எல்லாம் வெளிய கேக்கும்.

மக்பால்: கேக்கட்டுமே. எங்க குண்டு வெடிச்சுதோ அங்கயே உட்கார்ந்து சமாதானம் பேசறோம்னு உலகத்துக்குக் காட்டத்தானே இந்தக் காட்டுல கூடாரம் போட்டீங்க? காட்டுங்க. அவங்க ஆளுங்க என்ன பண்ணாங்க தெரியுமா? என் ஆட்டு மேல ஒரு பெட்டியை வச்சு டிக் டிக்னு பார்த்தானுங்க. கதிர்வீச்சு இருக்கான்னு. கிடங்கு கிடங்கா அணுகுண்டை அடுக்கி வச்சிருக்கறவன், தோலுரிச்ச ஆட்டைப் பார்த்துப் பயப்படறான்.

மெய்ரம்பெக்: பெட்டி என்ன சொல்லுச்சு?

மக்பால்: ஆடு நல்ல ஆடுன்னு சொல்லுச்சு. அது எனக்கு முன்னாடியே தெரியும். சரி, உட்காரு. முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. டீ தரட்டா? பால் ஊத்தி, உப்புப் போட்டு...

மெய்ரம்பெக்: வேண்டாங்க்கா.

மக்பால்: காலையில ஏதாவது சாப்பிட்டியா?

மெய்ரம்பெக்: கையெழுத்து ஆகட்டும். அப்புறம் சாப்பிடறேன்.

மக்பால்: அப்பாவை எப்போ பார்த்த?

மெய்ரம்பெக்: விருந்தாளிங்க வர்றதுக்கு முந்தின நாள். படுக்கையிலதான் இருந்தாரு. பேசினாரு. நல்லாத்தான் பேசினாரு. கரகுடுக் என்ன தூரமா, அந்த மேடு ஏறினா ஊர் தெரியும். ஆனா கையெழுத்து ஆகற வரைக்கும் ரோட்டைத் திறக்கமாட்டாங்க. போனும் கிடையாது. ரெண்டு பக்கமும் அலையைத் தடுக்கற கருவி கொண்டாந்திருக்காங்க, யாரோடது பெரிசுன்னு போட்டி.

மக்பால்: பால்காரர் சாபித் மட்டும் இன்னைக்கு ஊர்லேர்ந்து வந்தாரே.

மெய்ரம்பெக்: குதிரைப்பால் இல்லாம என்ன விருந்து? அவருக்கு மட்டும் நான்தான் சொல்லி வாங்கிக் குடுத்தேன், அனுமதி.

மக்பால்: பார்த்தியா அவரை?

மெய்ரம்பெக்: ம்... வாசல்ல.

மக்பால்: ஏதாவது சொன்னாரா?

மெய்ரம்பெக்: ஒரு வார்த்தை பேசலக்கா.

மக்பால்: சாபித்தா? அந்த வாயாடி மனுஷனா?

மெய்ரம்பெக்: குளிரு. சரி, தலை வெந்துருச்சா? காது ரெண்டும் முழுசா இருக்கணும். கண்ணாடிக்காரர் பக்கத்து ஆளு ஒருத்தர், 'இடது காது சின்னதாக இருக்கிறதே, இது எதைக் குறிக்கிறது'ன்னு கேட்டாலும் கேப்பாரு.

மக்பால்: தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்... எங்க வீட்டுக்காரர் ஒரு கழுகு வளர்த்தாரு, தெரியும்ல? வயசான கழுகு. கையில உட்கார்ந்தா பாறை மாதிரி கனக்கும். அதுக்கும் ஒரு காலம் வந்துச்சு...

மெய்ரம்பெக்: அக்கா, அண்டா பொங்குது.

மக்பால்: பொங்கல.

மெய்ரம்பெக்: பொங்கற மாதிரி இருக்கு. மூடியை எடுங்க.

மக்பால்: மூடி போட்டா உள்ள என்னமோ இருக்குன்னு உனக்கும் சந்தேகம் வந்துருது பாரு. நீயும் அவங்களை மாதிரி ஆயிட்ட. ஆமா, ஏவுகணையைத் தடுக்கிற கேடயம்னு என்னவோ சொன்னாங்களே, அதென்ன சண்டை? கேடயம் நல்லதுதானே?

மெய்ரம்பெக்: தொப்பிக்காரர் நாடு கேடயம் வச்சிருக்கு. நீ என்னை அடிச்சாலும் எனக்கு வலிக்காதுன்னு அர்த்தம். வலிக்காதவன் தைரியமா என்னை அடிப்பானேன்னு கண்ணாடிக்காரர் நாடு பயப்படுது. அதனால இன்னும் நாலு ஏவுகணை செய்யுது. அதைப் பார்த்து இவரு இன்னும் பெரிய கேடயம் செய்யறாரு.

மக்பால்: கேடயத்தை எதால செய்யறாங்க?

மெய்ரம்பெக்: ஏவுகணையாலதான். ஏவுகணையை ஏவுகணையால அடிச்சு...

மக்பால்: அட, போப்பா.

மெய்ரம்பெக்: அதெல்லாம் இங்க தீரப்போறதில்லக்கா. இங்க ஒரே ஒரு காகிதம். சோதனைக்காக ஒரு ஏவுகணை விட்டாக்கூட, முந்தின நாளே அடுத்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிரணும். அவ்வளவுதான். திடீர்னு வானத்துல ஒண்ணு கிளம்பினா, இவன் சோதனைன்னு நினைப்பான், அவன் போருன்னு நினைப்பான். நினைச்சு முடிக்கறதுக்குள்ள...

மக்பால்: முன்னாடியே சொல்றது. இதுக்கா இத்தனை நாளு?

மெய்ரம்பெக்: அப்பாவும் அதைத்தான் கேட்டாரு. அவரு சின்னப் பையனா இருக்கும்போது அவரும் பெரியப்பாவும் ஆடு மேய்க்கப் போனாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. திடீர்னு அந்த வெளிச்சம். பெரியப்பா நிமிர்ந்து பார்த்துட்டாரு. அப்புறம் அவரு எதையும் பார்க்கல, சாகற வரைக்கும். அப்பா சொல்லுவாரு, 'குண்டைப் போட்டுத்தான் தீருவேன்னா போடட்டும்டா, நம்மளை யாரு கேக்கறா? ஆனா முந்தின நாள் ஒருத்தன் குதிரையில வந்து, நாளைக்குக் குப்புறப் படுத்துக்கோங்கடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் அண்ணனுக்குக் கண்ணு இருந்திருக்கும்.'

மக்பால்: அந்த மனுஷனோட ஒரே மனக்குறை அதுதான்.

மெய்ரம்பெக்: போன வாரம் என் கையைப் பிடிச்சுட்டுச் சொன்னாரு. 'அந்தக் காகிதத்துல கையெழுத்து வாங்காம என் முன்னாடி வந்து நிக்காத'ன்னு.

மக்பால்: ...மெய்ரம். அந்தக் கழுகு...

மெய்ரம்பெக்: துணை அமைச்சர் வர்றாருக்கா. எழுந்திரிங்க.

ஒராஸ்பாய்: மெய்ரம்பெக்! வரலாறு நம்மை உற்று நோக்கிக்கொண்டிருக்கிறது, நீ சமையல்கட்டில் நிற்கிறாயே?

மக்பால்: ஆட்டுத்தலையும்தான் ஐயா உத்துப் பார்த்துட்டிருக்கு.

ஒராஸ்பாய்: அம்மணி, அந்தத் தலைதான் இப்போது பிராந்தியப் பாதுகாப்பின் அச்சாணி. தட்டில் வைக்கும்போது அதன் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அவரே தலைமை விருந்தினர் என்று யாரோ இவர்களிடம் சொல்லிவிட்டார்கள்.

மெய்ரம்பெக்: நீங்கதான் ஐயா சொன்னீங்க. வரவேற்புரையில.

ஒராஸ்பாய்: பண்பாட்டு நோக்கில் சொன்னேன்! அவர்கள் அதை ராணுவ நோக்கில் எடுத்துக்கொண்டார்கள். 'எங்களை நோக்கித் திருப்பப்படாத எந்தத் தலையும் எங்களுக்கு எதிராகத் திருப்பப்பட்டதாகவே கருதப்படும்' என்கிறார் தளபதி. கண்ணாடி போட்ட ஆலோசகர், மேஜையின் நடுவில் முகம் வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தி வைக்கலாம் என்றார். தளபதி ஒப்பவில்லை. செங்குத்தாக நிற்பது ஏவுவதற்கு ஆயத்தமான நிலையாம்.

மக்பால்: வேகவச்ச ஆடு ஐயா அது.

மெய்ரம்பெக்: நான் சொன்ன வழி என்னாச்சு ஐயா? அப்பா உயிரோட இருக்கறவர் ஆட்டுத்தலையைத் தொடக் கூடாதுன்னு...

ஒராஸ்பாய்: அருமையான யோசனை. அதை என் யோசனையாகவே முன்வைத்தேன்.

மக்பால்: யோசனை என்ன யோசனை, அது வழக்கம்தானே. வீட்டுல அப்பன் இருக்கும்போது நீ என்ன பெரியவன்? அப்பன் போனவனுக்குத்தான் தலை.

ஒராஸ்பாய்: சொன்ன மாத்திரத்தில் வெற்றி! தளபதி நெஞ்சை நிமிர்த்தி, 'என் தந்தை உயிரோடுதான் இருக்கிறார், இன்றும் தன் கையால் விறகு பிளக்கிறார்' என்று பெருமையாகச் சொன்னார். ஆலோசகரின் தந்தை காலமாகிப் பல ஆண்டுகள். ஆகவே தலை ஆலோசகருக்கு. ஆலோசகர் சிரித்தார். சிரித்ததுதான் தவறு.

மெய்ரம்பெக்: ஏன் ஐயா?

ஒராஸ்பாய்: தளபதி தரப்பு எழுந்து வெளியே போய்க் குசுகுசுத்தது. திரும்பி வந்து ஓர் அறிக்கை வாசித்தார்கள். தளபதிக்கும் அவர் தந்தைக்கும் நீண்ட காலமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். ஆகவே, கொள்கை அளவில், தந்தை இல்லாதவராகவே தளபதியைக் கருத வேண்டுமாம்.

மக்பால்: அடப்பாவி! ஒரு ஆட்டுத்தலைக்குப் பெத்த அப்பனைக் கொன்னுட்டானே!

ஒராஸ்பாய்: கொள்கை அளவில் மட்டும், அம்மணி. அதற்கு ஆலோசகர், 'இந்தக் கூற்றைச் சுயேச்சையான குழு ஒன்று நேரில் சென்று சரிபார்க்க வேண்டும்' என்றார்.

மக்பால்: என்னன்னு? விறகு பிளக்கற கிழவர்கிட்டப் போயி, நீங்க செத்துட்டீங்களான்னா?

ஒராஸ்பாய்: அங்கேதான் பேச்சு நிற்கிறது. இரண்டு பேரும் விமானத்தை ஆயத்தம் செய்யச் சொல்லிவிட்டார்கள். விருந்து முடிந்துதான் கையெழுத்து. தலை வெட்டாமல் விருந்து இல்லை.

மெய்ரம்பெக்: கையெழுத்து இல்லாம போயிருவாங்களா ஐயா?

ஒராஸ்பாய்: போய்விடுவார்கள். போனால், அடுத்த கூட்டம் எந்த ஊரில் என்று முடிவு செய்யவே சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் எவனாவது ஒருவன் சொல்லாமல் ஒன்றை வானத்தில் விடுவான். ...இப்போது நான் அமைச்சராகப் பேசவில்லை, மெய்ரம்பெக். எனக்குப் பயமாக இருக்கிறது.

மெய்ரம்பெக்: ஒரு வழியும் இல்லையா?

ஒராஸ்பாய்: ஒன்று உண்டு. விருந்து கொடுப்பவர் பக்கம் முகத்தைத் திருப்பினால் இரண்டு பேரும் ஏற்பார்கள். எதிரிக்குக் கிடைக்காவிட்டால் அவர்களுக்குப் போதும். ஆனால் தலையை வாங்குகிற நம் ஆள் தந்தை இல்லாதவராக இருக்க வேண்டும். மெய்யாகவே இல்லாதவராக. வழக்கத்தைச் சொல்லி நாமே மாட்டிக்கொண்டோம்.

மக்பால்: நீங்களே வாங்கிக்கலாமே ஐயா?

ஒராஸ்பாய்: என் தந்தையாரின் பிறந்தநாள் விழா சென்ற மாதம்தான் நடந்தது. தலைநகரமே வந்தது. பத்திரிகையில் படம், தொலைக்காட்சியில் அரை மணி நேரம். தளபதியே பூங்கொத்து அனுப்பினார். மேஜையில் நம் தரப்பில் அமர்கிறவர்கள் நானும் நீயும்தான். உன் தந்தையார்...?

மெய்ரம்பெக்: இருக்காரு ஐயா.

ஒராஸ்பாய்: உடம்பு சரியில்லை என்றாயே.

மெய்ரம்பெக்: இருக்காரு.

ஒராஸ்பாய்: நல்லது. நல்லது. ...அதாவது, உனக்கு நல்லது. நான் போய் அவர்களுக்கு இன்னொரு கிண்ணம் குதிரைப்பால் ஊற்றுகிறேன். அது தீர்வதற்குள் ஓர் ஆளைக் கண்டுபிடி. சமையல்காரர், டிரைவர், யாராக இருந்தாலும் சரி. கோட்டு நான் தருகிறேன்.

மக்பால்: ...போயிட்டாரா?

மெய்ரம்பெக்: போயிட்டாரு.

மக்பால்: பயந்துட்டாரு பாவம். பயம் வந்ததும் பேச்சு கொஞ்சம் சுருங்குச்சு, கவனிச்சியா?

மெய்ரம்பெக்: ம்.

மக்பால்: தம்பி, நீ கிளம்பு. பால் வண்டி இன்னும் பின்னாடி நிக்குது. சாபித்கூடப் போயிரு. பால் வண்டியை எவனும் மறிக்கமாட்டான்.

மெய்ரம்பெக்: கையெழுத்து ஆகலையேக்கா.

மக்பால்: ஆகலைன்னா போகட்டும்! உலகத்துல எவனுக்கும் இல்லாத அக்கறை உனக்கு மட்டும் என்ன? நீ இருந்தா தலை முளைச்சிருமா?

மெய்ரம்பெக்: ஏன் இவ்வளவு விரட்டறீங்க?

மக்பால்: விரட்டல... சும்மா... வீட்டுப் பக்கம் போயி ரொம்ப நாளாச்சேன்னு.

மெய்ரம்பெக்: அக்கா, அவங்ககிட்ட எத்தனை குண்டு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். எந்த மலைக்குள்ள இருக்குன்னும் தெரியும். ஆனா கேட்டா, 'இருக்குன்னும் சொல்லமாட்டோம், இல்லைன்னும் சொல்லமாட்டோம்'பாங்க. ஏன் தெரியுமா?

மக்பால்: ஏனாம்?

மெய்ரம்பெக்: வாயால சொல்லிட்டா அடுத்தவன் ஏதாவது செஞ்சே ஆகணும். சொல்லாத வரைக்கும் எல்லாரும் உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

மக்பால்: நம்ம ஊர்லயும் அப்படித்தானே. கெட்ட சேதியை எவன் மூஞ்சிக்கு நேரா சொல்றோம்? எங்கயோ ஆரம்பிச்சு, பறவை, மரம், ஏரின்னு சுத்தி... கேக்கறவன் தானாப் புரிஞ்சுக்கற வரைக்கும்...

மெய்ரம்பெக்: புரிஞ்சுக்காம இருக்கவும் அவனுக்கு உரிமை இருக்குல்லக்கா? கொஞ்ச நேரத்துக்கு?

மக்பால்: ...ஏன் அண்டாவையே பார்த்துட்டிருக்க?

மெய்ரம்பெக்: பசி.

மக்பால்: அப்போ சாப்பிடு. இந்தா, இந்த எலும்புல கறி இருக்கு.

மெய்ரம்பெக்: எறங்காதுக்கா.

மக்பால்: பசிங்கற, எறங்காதுங்கற.

மெய்ரம்பெக்: அப்பா தலையை எப்படி வெட்டுவாரு, ஞாபகம் இருக்கா? உங்க கல்யாணத்துல அவருதானே வெட்டினாரு?

மக்பால்: இல்லாமயா? முதல்ல காதை அறுத்து, அங்க இருக்கறதுல சின்னப் பையன் யாரோ அவனுக்கு. அப்புறம் கன்னத்துக் கறியைச் சுத்தி எல்லாருக்கும் ஆளுக்குக் கொஞ்சம். பகையாளி உட்கார்ந்திருந்தா அவனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலா. தனக்குன்னு ஒண்ணும் எடுத்துக்கமாட்டாரு. கத்தியை மட்டும் நக்கிட்டு வச்சிருவாரு.

மெய்ரம்பெக்: தளபதிக்கும் ஆலோசகருக்கும் ஒரே அளவு வெட்டணும். தராசு இருக்கா?

மக்பால்: கண்ணளவு போதும்டா. ஏன் கேக்கற? யாரு வெட்டப்போறா? டிரைவர் யாரையாவது பிடிச்சியா?

ஒராஸ்பாய்: மெய்ரம்பெக்! கூடாரத்துக்குள் வர நேரமில்லை, வெளியிலிருந்தே கேட்கிறேன். எழுந்து நிற்கிறார்கள்! தளபதி கிளம்புவதற்குத் தொப்பியை எடுத்து மாட்டிவிட்டார்! ஆள் கிடைத்தாரா?

மெய்ரம்பெக்: கிடைச்சுட்டாரு ஐயா. உட்காரச் சொல்லுங்க.

ஒராஸ்பாய்: கிடைத்தாரா? நம்மவர்தானே? தந்தை...?

மெய்ரம்பெக்: இல்லை ஐயா. சரிபார்க்க ஆள் அனுப்பினாலும் பரவாயில்ல. மேடு ஏறினா வீடு தெரியும்.

ஒராஸ்பாய்: வரலாறு உன்னை மறக்காது! இதோ, உட்கார வைக்கிறேன், இதோ...

மக்பால்: யாரைச் சொன்ன? ...மெய்ரம், தட்டை எங்க எடுக்கற? வை. வைன்னு சொல்றேன்ல. நான் அந்தக் கழுகுக் கதையை உனக்கு இன்னும் முடிக்கவே இல்லையே...

மெய்ரம்பெக்: விடியறப்பவே பறந்துருச்சுக்கா, தெரியும். சாபித் வாசல்ல ஒரு வார்த்தை பேசல, என்னைக் கட்டிப்பிடிச்சுட்டு நின்னாரு... அழாதீங்க, வெளிய கேக்கும். அந்தத் தலையோட முகத்தை என் பக்கமாத் திருப்பி வைங்க. கையெழுத்து வாங்கிட்டுத்தான் நான் அப்பா முன்னாடி போய் நிக்கணும்.